பழைய ஃப்ரிட்ஜின் சுருதி

அந்த வீட்டுச் சின்னவள் இசையமைப்பாளர் என்பது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எந்தப் படத்துக்கு என்பதுதான் யாருக்கும் தெரியாது. படத்துக்கெல்லாம் இல்லை, மேடையில் உட்கார்ந்து வாசிக்கிற குழுக்களுக்கு எழுதுகிறாள், அதில் பாட்டு இருக்காது, வெறும் வாத்தியம்தான் என்று அம்மா விளக்குவாள். கேட்டவர்கள் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு, "பரவாயில்ல, இன்னும் வயசு இருக்கு" என்பார்கள்.

அதுவரை அவள் எழுதியவற்றில் இரண்டு வெளியுலகுக்கு வந்திருந்தன. ஒன்று, பல் மருத்துவமனை ஒன்றின் திறப்பு விழாவுக்காக மூன்று புல்லாங்குழல்களுக்கு எழுதியது. அது பாதி போய்க்கொண்டிருக்கும்போது உள்ளறையில் யாரோ பல் குடையும் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த இடம்தான் மனதைத் தொட்டது என்று டாக்டர் கைகொடுத்தார். இன்னொன்று, ஒரு பெரிய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்தால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்ற குரலுக்குப் பின்னால் வரும் இசை. அவளுக்கு இருந்த ரசிகர் கூட்டத்தில் அதுதான் பெரியது. அத்தனை பேரும் கடும் எரிச்சலில் இருந்தார்கள்.

காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பாள். மதியத்துக்கு மேல் சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து எழுத உட்காருவாள். அவளுக்கென்று ஓர் அறை இருந்தது. ஆனால் அதில் அண்ணன் வாங்கிப்போட்ட நடைப்பயிற்சி இயந்திரம், துணி காயப்போடும் பணியில், நிரந்தரமாகக் குடியிருந்தது. ஆகவே சமையலறை. ஒருபக்கம் அம்மா சமைத்துக்கொண்டே பேசுவாள். முதுகுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் உறுமும்.

அந்த ஃப்ரிட்ஜ் அண்ணன் பிறந்த பிறகும் அவள் பிறப்பதற்கு முன்பும் அந்த வீட்டுக்கு வந்தது. வரிசைப்படி பார்த்தால் அவளுக்கு அதுவும் ஒரு மூத்தது. கதவு சரியாக மூடாது. மேலே உள்ளங்கையால் ஒரு தட்டு, பிறகு கீழே காலால் ஓர் உதை. வீட்டில் எல்லோருக்கும் தூக்கத்தில்கூட இது வரும்.

இப்படியிருக்க, நகரத்தின் பேர்பெற்ற நால்வர் குழு அவள் எழுதிய ஒன்றைச் சனிக்கிழமைக் கச்சேரியில் வாசிக்க ஒப்புக்கொண்டது. இரண்டு வயலின், அவற்றைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, அடிச்சுரங்களுக்கு ஆளுயரச் செல்லோ ஒன்று. ஒழுங்கான அரங்கத்தில், டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால், அவள் இசை ஒலிக்கப்போவது அதுவே முதல் தடவை.

வியாழக்கிழமை ஒத்திகை. பெரும்பகுதி நன்றாகவே போயிற்று. கடைசிப் பகுதி வந்ததும் குழுவின் தலைவரான செல்லோக்காரர் வில்லை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். கடைசி நாலு நிமிஷம் எனக்கு ஒண்ணுமே எழுதலையே. மறந்துட்டீங்களா, இல்ல என்மேல ஏதாச்சும் கோவமா?"

"ஐயோ இல்ல சார். அங்க கீழ்ப்பக்கம் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே நிறைஞ்சிருக்கும்."

"எதனால நிறைஞ்சிருக்கும்?"

எதனால் என்று அவளுக்கே தெரியாது. நிறைந்திருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

"இன்னொண்ணு" என்றார் வயோலா வாசிக்கும் அம்மாள். "இந்த மூணு சுரத்துக்கும் பக்கத்துல அம்புக்குறி போட்டு, கொஞ்சூண்டு ஏத்தி வாசின்னு எழுதியிருக்கீங்க. ஏன்?"

"அப்பதான் சேரும்."

"எதோட சேரும்?"

அவள் தாளில் இருந்த அம்புக்குறிகளைப் பார்த்தாள். வாசித்துப் பார்த்தார்கள். மூன்று வாத்தியங்கள் மூன்று உயர்ந்த சுரங்களைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றன. உட்காரப் போகும் நேரம் பார்த்து நாற்காலியை யாரோ இழுத்துவிட்டதுபோல் இருந்தது.

"சோப்பு போட்டதும் குழாயில தண்ணி நின்னு போகுமே, அந்த மாதிரி இருக்கு" என்றார் வயோலா அம்மாள்.

செல்லோக்காரர் நல்லவர். கெட்ட செய்தியையும் மென்மையாகத்தான் சொன்னார். "நாளைக்குச் சாயங்காலம் இன்னொரு தடவை பாப்போம். அப்பவும் இப்படித்தான்னா, சனிக்கிழமை நாங்க பழைய ஆள் யாரோடதாவது வாசிச்சிடறோம். செத்து எரநூறு வருஷம் ஆனவங்க. அவங்களால ஒரு தொந்தரவும் வராது."

வீடு திரும்பினால் சமையலறையில் ஆளுயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு புது ஃப்ரிட்ஜ் நின்றது. பக்கத்தில் அண்ணன், புகைப்படத்துக்கு நிற்பதுபோல் அதன்மேல் கைவைத்துக்கொண்டு நின்றான். காலணிக் கடை வைத்திருக்கிறவன். யாருக்கு எங்கே கடிக்கிறது என்று பார்த்து உடனே மாற்றிக்கொடுத்துவிடும் குணம் வீட்டிலும் போகாது.

"காதை வெச்சுப் பாரு. சத்தமே இல்ல! பாவம், அந்தக் கிழம் பின்னாடி உறுமிட்டே இருந்தா நீ எப்படி எழுதுவே? அதான் கச்சேரிக்கு முன்னாடியே வாங்கிட்டேன்."

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. லேப்டாப்பைத் திறந்து கடைசிப் பகுதியை ஓடவிட்டாள். நேற்று மதியம்வரை மலைபோல் நின்ற இடம் அது. இப்போது அரங்கத்தில் கேட்ட அதே அந்தரம். எத்தனை முறை ஓடவிட்டாலும் அதே மூன்று சுரங்கள், கீழே ஒன்றுமில்லை. அவள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"எனக்கும் காலையிலேர்ந்து என்னமோ மாதிரிதான் இருக்கு" என்றாள் அம்மா. "வீடே வெறிச்சுன்னு கெடக்கு. அது பாட்டுக்கு ம்ம்ம்னு கேட்டுட்டே இருக்கும், நானும் பேசிட்டே சமைப்பேன். இப்ப பேசினா தனியா பேசற மாதிரி இருக்கு."

சின்னவள் தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா, அது எப்படி இருக்கும்? அந்த ம்ம்ம். செஞ்சு காட்டு."

"என்னடி இது, கூத்தா இருக்கு?"

"காட்டும்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். தொண்டையைச் செருமினாள். பிறகு, முப்பது வருடம் கூடவே வாழ்ந்தவளுக்குரிய உறுதியோடு, "ம்ம்ம்ம்ம்" என்று பிடித்தாள். சின்னவள் லேப்டாப்பைத் தட்டினாள். மூன்று சுரங்களும் மேலிருந்து இறங்கி அம்மாவின் ம்ம்ம்மின்மேல் வந்து அமர்ந்தன. அம்புக்குறிகள், கொஞ்சூண்டு ஏற்றம், செல்லோவுக்கு ஒன்றும் எழுதாதது எல்லாவற்றுக்கும் காரணம் அங்கே நின்று கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஐந்து வாத்தியங்களுக்கு எழுதிவிட்டு நாலு பேரிடம் கொடுத்திருந்தாள்.

பிறகு அம்மாவுக்கு மூச்சு முட்டியது. எல்லாம் பொத்தென்று விழுந்தது.

"சனிக்கிழமை மேடையில நீயே வந்து..." என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

"நாலு நிமிஷமா? உங்க அண்ணனைத் திட்டும்போதுகூட நான் நடுவுல மூச்சு விட்டுக்கறேன்."

"அண்ணா, பழசு எங்க?"

அண்ணன் புது ஃப்ரிட்ஜின் மேலிருந்து கையை எடுத்தான். "மாமாவுக்குக் குடுத்துட்டேன்."

மாமா என்றால் அண்ணியின் அப்பா. ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். திருப்பி வாங்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் அண்ணி கூடத்திலிருந்து வந்துவிட்டாள்.

"எங்கப்பா காலையிலேர்ந்து ஒருத்தர் விடாம போன் போட்டு, மாப்பிள்ளை குடுத்ததுன்னு பெருமை பேசிட்டிருக்காரு. இப்ப போய்க் கேக்கப் போறீங்களா? கேளுங்க. கல்யாணத்துல நீங்க குடுத்த மோதிரத்தையும் சேத்துக் கேட்டுருங்க. ஒரே நடையா முடிஞ்சிரும்."

"சம்பந்தி வீட்டுக்குக் குடுத்ததைத் திரும்ப வாங்கினா ஊரே சிரிக்குமேடி" என்றாள் அம்மா.

"வாங்கலைன்னா சனிக்கிழமை ஊர் சிரிக்கும்மா."

"அது டிக்கெட் வாங்கிட்டு வர்ற ஊரு. ஒரு நாள் சிரிச்சிட்டுப் போயிடும். இது சொந்தக்கார ஊரு."

கடைசியில் வீட்டில் இருந்த நாலு பேருமே கிளம்பிப் போனார்கள். மாமாவின் அறையில் ஃப்ரிட்ஜ் கட்டிலுக்கு எதிரே, விருந்தாளியை உட்காரவைக்கும் இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. சின்னவளுக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. உள்ளே தண்ணீர் பாட்டில்கள் வரிசை பிசகாமல் நின்றன. மேல்தட்டில் கண்ணுக்கான சொட்டு மருந்து. போன வாரம்தான் அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது.

"கச்சேரிக்கு ஃப்ரிட்ஜா?" என்றார் மாமா. "வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்கவா?"

"இல்ல மாமா. வாசிக்க."

மாமா ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார். "யாரு வாசிப்பா?"

"அதுவே வாசிச்சிக்கும்."

அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தான். அவர் மகளைப் பார்த்தார். மகள், நான் அப்போதே சொன்னேன் என்ற முகத்தோடு நின்றாள்.

"திருப்பித் தரமாட்டேன்" என்றார் மாமா. "இரவல் தர்றேன். உள்ள இருக்கற என் சாமான் உள்ளயே இருக்கணும். அது போற எடத்துக்கு நானும் வருவேன். சாயங்காலச் சொட்டு மருந்து எட்டு மணிக்கு. எட்டுன்னா எட்டு. அத்தனை வருஷம் ரயிலை நேரத்துக்கு அனுப்பினவன், என் கண்ணையா லேட்டாக்குவேன்?"

"எட்டுக்கு முன்னாடியே நம்மளோடது முடிஞ்சிடும் மாமா."

"முடிஞ்சா சந்தோஷம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரக்கு வேனில், படுக்கவைக்காமல் நிற்கவைத்தே, ஃப்ரிட்ஜ் அரங்கத்துக்குப் போயிற்று. மாமா பின்னால் அதன்மேல் கைவைத்துக்கொண்டு நின்றார். வாசலில் அரங்க மேலாளர் மறித்தார்.

"இது என்ன?"

"வாத்தியம்" என்றாள் சின்னவள்.

"அரங்கத்துக்குள்ள சாப்பாட்டுப் பொருள் கொண்டுபோகக் கூடாது."

"உள்ள சாப்பாடு இல்லைங்க. கண் மருந்துதான் இருக்கு" என்றார் மாமா. மேலாளரின் விதிமுறைகளில் அதற்கு எதிராக ஒன்றும் இல்லை.

மேடையில் நால்வர் குழு ஃப்ரிட்ஜைச் சுற்றி நின்று பார்த்தது. செல்லோக்காரர் முதலில் தன் வாத்தியத்திலேயே அந்தச் சுருதியைத் தேடிப் பிடித்து, நீளமாக இழுத்து வாசித்துக் காட்டினார். எல்லோரும் கேட்டார்கள். அவரே தலையை ஆட்டினார்.

"ம்ஹூம். செல்லோ வாசிச்சா செல்லோ மாதிரிதான் இருக்கு."

"இதைப் பதிவு பண்ணி ஸ்பீக்கர்ல போட்டா என்ன?" என்று அண்ணன் யோசனை சொன்னான்.

"எங்க குழு ஸ்பீக்கரோட வாசிக்காது தம்பி. நேர்ல வந்து உக்கார்ற யாரோட வேணாலும் வாசிப்போம்." செல்லோக்காரர் ஃப்ரிட்ஜை மேலும் கீழும் பார்த்தார். "இவரு நேர்ல வந்திருக்காரு."

ஃப்ரிட்ஜைச் சுருதி சேர்க்க முடியாது என்பதால் நால்வரும் ஃப்ரிட்ஜுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டார்கள். கடைசிப் பகுதியைத் தொடங்கினார்கள். மூன்று சுரங்களும் இறங்கி உட்கார்ந்தன. வயோலா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது ஃப்ரிட்ஜ் கடகடவென்று உதறிவிட்டு நின்றுபோனது.

"வாத்தியக்காரர் டீ குடிக்கப் போயிட்டாரு" என்றார் வயோலா அம்மாள், கண்ணைத் திறக்காமலே.

இது சின்னவளுக்குப் புதிதல்ல. குளிர்ச்சி போதும் என்று பட்டால் அது ஓய்வெடுக்கும். வீட்டில் அதன் ஓய்வு நேரத்தில்தான் அவளும் எழுந்து முகம் கழுவப் போவாள். கதவைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்தால் மறுபடி ஓடும். கச்சேரியில் கதவைத் திறந்துவைக்க முடியாது. ஆகவே திரை விலகுவதற்குச் சற்று முன்பு உள்ளே ஒரு பாத்திரம் நிறைய வெந்நீர் வைத்துவிடுவது என்று முடிவாயிற்று. அதைக் குளிரவைத்து முடிக்கும்வரை ஃப்ரிட்ஜுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வைத்தும் பார்த்தார்கள். முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை ஒரே பிடியாக உறுமியது.

"எத்தனையோ பேரோட வாசிச்சிருக்கேன்" என்றார் செல்லோக்காரர். "இப்படி நிதானமா பிடிக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன். நாளைக்கு இதான். ஆனா அந்த நாலு நிமிஷம் நான் என்ன பண்றது?"

"கேளுங்க சார்."

சனிக்கிழமை ஏழு மணிக்குக் கச்சேரி. அரங்கம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. சின்னவளுடையதுதான் முதல் உருப்படி. அவளே தன் கையால் மேல்தட்டில் இருந்த சாமான்களைத் தள்ளி இடம்பண்ணி வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்தாள். தட்டினாள், உதைத்தாள். ஃப்ரிட்ஜ் உறுமியது. முன்வரிசையில் அம்மா, அண்ணி, ஓரத்தில் மாமா. இரண்டாம் வரிசையின் நட்டநடுவில் அவளும் அண்ணனும்.

திரை விலகியது. அரங்கத் தலைவர் இரண்டு வார்த்தை பேச வந்தார்.

முதல் வார்த்தை இசை எப்படித் தோன்றியது என்பதைப் பற்றி இருந்தது. மனிதகுலம் குகையிலிருந்து வெளியே வருவதற்கே வெகுநேரம் ஆயிற்று. இரண்டாவது வார்த்தை அரங்கத்தின் கூரையைப் பழுதுபார்த்ததைப் பற்றி. வெந்நீர் மெல்ல ஆறிக்கொண்டிருப்பதை இரண்டாம் வரிசையிலிருந்தே சின்னவளால் உணர முடிந்தது. "தலைவர் வாயில ஒரு பாத்திரம் வெந்நீர் வெச்சிருக்கணும்" என்று அண்ணன் முணுமுணுத்தான். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஒருவழியாகத் தலைவர் இறங்கினார். நால்வரும் வாசிக்கத் தொடங்கினார்கள். நன்றாகத்தான் வாசித்தார்கள். அவள் கேட்கவில்லை. வாத்தியங்களுக்கு அடியில் ஓடும் உறுமலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பகுதி வந்தது. செல்லோக்காரர் வில்லை மடியில் வைத்தார். மூன்று சுரங்கள் எழுந்தன, இறங்கின, உட்கார்ந்தன.

கடகடகட. ஃப்ரிட்ஜ் நின்றது.

அரங்கம் முழுவதும் அந்த அந்தரத்தைக் கேட்டது. முதல் வயலின் பார்வையைத் தாளிலிருந்து எடுத்தார். செல்லோக்காரர் வில்லைப் பாதி தூக்கி, வேண்டுமா என்பதுபோல் இரண்டாம் வரிசையைப் பார்த்தார். செல்லோ வாசித்தால் செல்லோ மாதிரி இருக்கும். வாசிக்காவிட்டால் சோப்போடு நிற்க வேண்டும். சின்னவள் எழுந்தாள். இடதுபுறம் ஏழெட்டு ஜோடி முழங்கால்கள். வலதுபுறம் அண்ணன், அவனும் எழுந்து, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் அவளை மறித்துக்கொண்டு ஆடினான்.

அப்போது முன்வரிசை ஓரத்தில் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மேடைப் படியில் ஏறினார்.

"அப்பா!" என்று அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அரங்கத்தின் பாதிவரை கேட்டது. மணி எட்டு. அவருக்கு வேறெதுவும் கேட்காது.

அவர் நால்வரையும் தாண்டிப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்விளக்கின் மஞ்சள் ஒளி அவர் முகத்தில் விழுந்தது. மருந்து வைத்த இடத்தில் இல்லை. பாத்திரம் வைக்க இடம்பண்ணியவள் எதை எங்கே தள்ளினாள் என்று யாருக்குத் தெரியும்? அவர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். குனிந்து கீழ்த்தட்டில் தேடினார். கதவு அகலத் திறந்தே கிடந்தது. மேடை விளக்குகளின் சூடெல்லாம் உள்ளே போயிற்று. வயலின்காரர்களும் வயோலா அம்மாளும் மூன்று சுரங்களை விடாமல், உத்தரத்தைப் பிடித்துத் தொங்குகிறவர்கள்போல், பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்கு குலுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

இம்முறை அந்தச் சுரங்கள் வந்து அமர்ந்ததை அரங்கம் உடம்பில் உணர்ந்தது. யாரோ "அப்பாடா" என்றார்கள். மாமாவுக்கு மருந்து கிடைத்துவிட்டது. தலையை அண்ணாந்து கண்ணுக்கு ஒரு சொட்டாக விட்டுக்கொண்டார். மருந்து விட்டால் கொஞ்ச நேரம் கண்ணை மூடி அசையாமல் இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. உத்தரவை மீறிப் பழக்கமில்லாதவர். திறந்த ஃப்ரிட்ஜின் வெளிச்சத்தில், முகத்தை மேலே உயர்த்தி, கண்ணை மூடி, கன்னங்களில் நீர் வழிய நின்றார். மூன்றாம் வரிசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தார்.

சுரங்கள் தேய்ந்து தேய்ந்து அடங்கின. வில்கள் அந்தரத்தில் நின்றன. உறுமல் மட்டும் இருந்தது.

மாமா கண்ணைத் திறந்தார். மருந்தை மேல்தட்டில், அதற்குரிய இடத்தில், வைத்தார். கதவைச் சாத்தினார். மேலே ஒரு தட்டு. கீழே ஓர் உதை. அந்த அதிர்ச்சியில் ஃப்ரிட்ஜ் கடகடத்து நின்றது.

முழு அமைதி. பிறகு கைதட்டல். செல்லோக்காரர் எழுந்துபோய் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா பதிலுக்கு, ரயிலுக்குக் காட்டுவதுபோல், ஒரு கையை உயர்த்திக் காட்டினார்.

கீழே இறங்கியதும் செல்லோக்காரர் சின்னவளைத் தேடி வந்தார். "இன்னும் மூணு ஊர்ல வாசிக்கப் போறோம். இதை எடுத்துட்டுப் போறோம். ஆனா அந்தத் தட்டையும் உதையையும் தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. அது இல்லாம முடியாது. அப்புறம், புதுசா ஒண்ணு வேணும். இந்தத் தடவை எனக்கும் கொஞ்சம் எழுதுங்க."

அன்றிலிருந்து நிகழ்ச்சித் தாளில் ஐந்து பெயர்கள். கடைசி வரியில் மாமா. வயோலாவுக்கு மேலே போடமுடியுமா என்று அவர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். வயோலா அம்மாள் பார்த்த பார்வையில் விட்டுவிட்டார். மற்றபடி ஒத்துழைப்புக்குக் குறைவில்லை. அந்த இடம் சரியாக எட்டு மணிக்கு வரவேண்டும் என்றால் திரை எத்தனை மணிக்கு விலக வேண்டும், தலைவர்கள் எவ்வளவு நேரம் பேசலாம் என்று மூன்று ஊர்களுக்கும் அவரே கால அட்டவணை போட்டுக் கொடுத்தார். சொட்டு மருந்து அடுத்த வாரத்தோடு முடிகிறதே என்று அண்ணி கவலைப்பட்டதற்கு, "கண்ணா முக்கியம்? கச்சேரியைப் பாரு" என்றார்.

சின்னவள் திங்கட்கிழமை மதியம் சமையலறை மேசையில் புதியதை எழுத உட்கார்ந்தாள். புது ஃப்ரிட்ஜ் ஊமையாக நின்றது. அம்மா தானாகவே ம்ம்ம் போட்டுக்கொண்டு, அதோடு பேசிக்கொண்டும் சமைத்தாள். கழுவுதொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டொக். டொக்டொக். டொக். சின்னவளின் விரல் அதற்கேற்ப மேசையில் தட்டத் தொடங்கியது. முதல் வரி வந்தது. இரண்டாவதும் வந்துவிடும்போல் இருந்தது.

வாசலில் அண்ணன் குரல் கேட்டது. "வாங்கண்ணே, உள்ள வாங்க. சமையலறைக் குழாய்தான். தங்கச்சி எழுதறப்ப ஒரே தொந்தரவா சொட்டிட்டே இருக்கு."

சின்னவள் நாற்காலி கவிழ எழுந்து ஓடுவதற்குள் அம்மா கரண்டியோடு வாசலுக்குப் போய்விட்டாள். குழாய்க்காரர் ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றார்.

"நீங்க போயிட்டு அடுத்த மாசம் வாங்க தம்பி" என்றாள் அம்மா. பிறகு மகனிடம் திரும்பினாள். "டேய், அவ எழுதி முடிக்கற வரைக்கும் இந்த வீட்டுல எதையாச்சும் ரிப்பேர் பண்ணே, உன்னைத் தூக்கி சம்பந்தி வீட்டுக்குக் குடுத்துடுவேன்."